குடும்பத் தலைவரின் கணக்கு வகுப்பு

இனிமேல் இந்த வீட்டில் என் சொல்தான் சட்டம் என்று நான் தீர்மானம் எடுத்தபோது சீதேவி வீட்டில் இல்லை. இருந்திருந்தால் தீர்மானம் எடுப்பதற்கே அவளிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

தீர்மானத்துக்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு அவள் மகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்த அன்று ஒரு சூட்கேசோடு போய் மனைவி வீட்டில் ஏறுவான். அதற்குப் பிறகு சாகும்வரை அவன் அங்கே நிரந்தர விருந்தாளி. ஒரே வித்தியாசம், விருந்தாளிக்கு விறகு கொத்தும் வேலை இருக்காது. நானும் அப்படித்தான் சித்தாண்டியிலிருந்து வந்து ஆரையம்பதியில் ஏறினேன். ஊரில் எனக்குப் பெயர் ‘சீதேவிட புருசன்’. யோகராசா என்று ஒருவன் உயிரோடு இருப்பது நான் ரைம் கீப்பராக வேலை பார்த்த பஸ் டிப்போவுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு கடல் வந்தது. அன்று நாங்கள் சித்தாண்டியில் நின்றதால் தப்பினோம். திரும்பி வந்து பார்த்தால் சீதேவியின் வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரையும் வாசற்படியும்தான் மிச்சம். அவள் அந்தப் படியில் ஏறி, கதவு இருந்த இடத்தால் உள்ளே போய், குசினி இருந்த இடத்தில் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அதை மட்டும் நான் இன்றைக்கும் பகிடியாகச் சொல்ல மாட்டேன்.

கூடாரத்தில் இருந்த எங்களுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாவிக்கரைப் பக்கமாக வீட்டுத்திட்டம் கட்டித் தர வந்தது. அவர்கள் நாட்டில் குடும்பத்துக்குத் தலைவர் என்று ஒருவர் இருப்பாராம். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: “இந்தக் குடும்பத்துக்குத் தலைவர் யார்?”

சீதேவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கம் பார்த்தேன். கையை உயர்த்தினேன்.

வீடு என் பெயருக்கு வந்தது! எங்கள் பரம்பரையில் சொந்த வீடு கண்ட முதல் ஆண்பிள்ளை நான். குடிபுகுந்த அன்றே யாரையும் கேட்காமல் சுவரில் ஆணி அடித்தேன். மாட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கடல் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது. ஆனாலும் அடித்தேன். சொந்தச் சுவரில் ஆணி அடிக்கும் சுகம் அடித்தவனுக்குத்தான் தெரியும்.

சீதேவி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“என்ட தாய் தந்த வீட்டக் கடல் எடுத்திச்சு. என்ட புள்ளைக்குச் சேர வேண்டிய வீட்ட நீங்க எடுத்திட்டீங்க. கடலாவது ஒருக்காத்தான் வந்திச்சு.”

“நான் எடுக்கல்ல. தந்தாங்க.”

“அத ஆர்த்திகாட பேருக்கு எழுதுங்க. வீடில்லாத பொண்ண நாளைக்கு ஆரு முடிப்பான்?”

“அவளுக்குப் பத்து வயசு.”

“அப்ப எப்ப எழுதுவீங்க? அவள்ட பேரப்புள்ள கேட்டாப் பிறகா?”

நான் இன்னொரு ஆணி அடித்தேன். ஆனால் அன்றிலிருந்து தேத்தண்ணியில் சீனி குறைந்தது. எங்கள் வீட்டில் யுத்தப் பிரகடனம் அப்படித்தான் வரும்.

வெளியில் நடந்த யுத்தமும் சும்மா இருக்கவில்லை. அது 2007ஆம் ஆண்டு. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் சண்டை மூண்டு, சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் தங்கியது. ஆர்த்திகாவின் வகுப்பறையில் நாலு குடும்பம் இருந்தது. ஆவணியில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பியுங்கள் என்று வாத்தியார்மார் சொல்லிவிட்டார்கள்.

சீதேவி பாடம் பிரித்தாள். “தமிழ் நான். சமயம் நான். சுற்றாடல் நான்.”

“அப்ப நான்?”

“கணக்கு. குடும்பத் தலைவர்தானே, ஒண்டாவது செய்யுங்க.”

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏற்றேன். ரைம் கீப்பருக்குக் கணக்கு வராதா? அந்த நாட்களில் என் வேலை மிகவும் நுட்பமானது. பஸ் வந்தால் வந்த நேரத்தை எழுதுவேன். வராவிட்டால் வராத நேரத்தை எழுதுவேன்.

டிப்போவிலிருந்து வந்து பின்னேரம் வகுப்பு. முதல் பாடம் பஸ் கணக்கு. என் துறை.

“மட்டக்களப்பில இருந்து கல்முனைக்கு நாப்பது கிலோமீற்றர். பஸ் மணிக்கு நாப்பது கிலோமீற்றர் வேகத்தில போகுது. எவ்வளவு நேரம் எடுக்கும்?”

ஆர்த்திகா பென்சிலைக் கடித்தாள். “எத்தன செக்பொயின்ற் அப்பா?”

“கணக்கில செக்பொயின்ற் இல்ல.”

“ஆக்கள இறக்கிப் பாப்பாங்களா, உள்ளுக்கு ஏறிப் பாப்பாங்களா?”

“ஒருத்தரும் இறங்கத் தேவல்ல. பஸ் நேரா ஓடுது.”

“அப்படி ஒரு பஸ் உங்கட டிப்போவில நிக்கா?”

அன்று காலை வரவேண்டிய கல்முனை பஸ் மத்தியானம் வந்ததை என் கையாலேயே எழுதிவிட்டு வந்திருந்தேன். இருந்தாலும் ஆசிரியர் தளரக்கூடாது.

“இது கணக்கு மனே. கணக்கில சண்ட இல்ல.”

“அப்ப கணக்குப் பிழை” என்றாள்.

சரி, பின்னத்துக்குப் போவோம் என்று போனேன்.

“ஒரு மூடை அரிசிய எட்டுக் குடும்பத்துக்குச் சமனாப் பிரிச்சா, ஒரு குடும்பத்துக்கு என்ன பங்கு?”

“பிரிக்கிறவர்ர குடும்பமும் அந்த எட்டுக்குள்ள இருக்கா அப்பா?”

இதையெல்லாம் மறுநாள் டிப்போவில் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு ஒரு கிழமைதான் நீடித்தது. பிள்ளைக்கு உண்மையாகவே கணக்கு வரவில்லை. வாய்ப்பாடு பாதியில் அறுந்துவிடும். வகுத்தல் என்றால் கண் கலங்கிவிடும். மூன்றாம் வகுப்பைக் கூடாரத்தில் படித்தவள், நாலாம் வகுப்பில் பாதியை ஊரடங்கில் படித்தவள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நான் கத்தினேன். அவள் அழுதாள். அவள் அழ அழ நான் இன்னும் கத்தினேன். எனக்குத் தெரிந்த கற்பித்தல் முறை அது ஒன்றுதான்.

குசினிக்குள்ளிருந்து குரல் வரும். “குடும்பத் தலைவர், ஒள்ளுப்பம் மெதுவா ஓட்டுங்க. புள்ள இன்னும் பஸ்ஸில ஏறல்ல.”

இந்த நிலையில்தான் கதிர்காமத்தம்பி மச்சான் வந்தார். சீதேவியின் அண்ணன். அவர் ஒரு வட்டைவிதானை. அதாவது ஒரு வயல்வெளிக்குத் தண்ணீர் திறப்பது, வேலி அடைப்பிப்பது, மாடு விரட்டுவிப்பது எல்லாவற்றுக்கும் அதிகாரி. அவருடைய வட்டை படுவான்கரையில் இருந்தது. சண்டையால் அங்கே போக முடியாமல் அவர் வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில் இருந்தார். வட்டை இல்லாத விதானையும் நேரம் இல்லாத ரைம் கீப்பரும் விறாந்தையில் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன நடக்கும்? வாய்தான் வேலை செய்யும்.

“ஏழெட்டு எத்தன மருமகள்?” என்று கேட்டார் மச்சான்.

ஆர்த்திகா கூரையைப் பார்த்தாள். “நாப்பத்தொம்பது?”

“சித்தாண்டி மூள” என்றார் மச்சான்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடியைத்தான் சேரும். பரம்பரை, கோயில் உரிமை எல்லாம் தாய் வழி. தகப்பன் வழியில் பிள்ளைக்கு வருவது முதலெழுத்து மட்டும்தான்.

“மச்சான், இவள் ஆர்ர குடி?”

“எங்கட குடி. இதென்ன கேள்வி?”

“அப்ப மூளையும் உங்கட குடிதானே? வீடு உங்கட பக்கம், கோயில் முறை உங்கட பக்கம், வாய்ப்பாடு மட்டும் சித்தாண்டியோ?”

சீதேவி தேத்தண்ணியோடு வந்தாள். “படிப்பிக்கத் தெரியாதவருக்கு எங்கட குடியில என்ன கதை?”

“ஆருக்குத் தெரியா? எனக்கா? சித்தாண்டி முருகனுக்குக் கொடியேற முன்னம் இவள் மச்சான் கேக்கிற கணக்கெல்லாம் சொல்லுவாள். சொல்லாட்டி…”

“சொல்லாட்டி?” அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து மூடிய வாயோடு வாழ்ந்து பழகியவன்தான். ஆனால் சொந்த வீட்டு விறாந்தை மனிதனை என்னவோ செய்துவிடுகிறது.

“சொல்லாட்டி இந்த வீட்ட அவள்ட பேருக்கே எழுதுறன்!”

“சொன்னா?”

“சொன்னா வீட்டப் பத்தி இந்த வீட்டில ஒருத்தரும் வாய் துறக்கப்படா.”

“அண்ணா, நீங்க சாட்சி” என்றாள் சீதேவி. என் கையிலிருந்த கோப்பையை வாங்கிப் போய் இரண்டு கரண்டி சீனி போட்டுக்கொண்டு வந்தாள். கேட்காமல் சீனி வந்தால் புத்தியுள்ளவன் யோசிப்பான். நான் குடித்தேன். நல்ல இனிப்பு.

அடுத்த நாளிலிருந்து முழு மூச்சாக இறங்கினேன். வாய்ப்பாட்டைச் சுவரில் எழுதினேன். சீதேவி தடுக்கவில்லை. “சுவர் உங்கடதானே” என்றாள். பாட்டாகப் பாடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஆருக்கு என்ன சுகமில்ல?” என்று கேட்டாள். வாய்ப்பாட்டைக் கதவில், தண்ணீர்த் தாங்கியில், கக்கூசுக்குள் எல்லாம் எழுதினேன். வீட்டுத்திட்டத்தில் எல்லா வீடும் ஒரே மாதிரி. எங்கள் வீட்டை மட்டும் வாய்ப்பாட்டு வீடு என்று சனம் அடையாளம் சொல்லத் தொடங்கியது.

பயன்? “ஏழெட்டு?” என்றால் ஒரு நாள் ஐம்பத்தைந்து. அடுத்த நாள் ஐம்பத்தேழு. பிறகு ஐம்பத்தினாலு. பிள்ளை ஐம்பத்தாறைச் சுற்றி வட்டம் போட்டாளே தவிர ஒரு நாளும் அதில் இறங்கவில்லை. நல்ல காலம், அழுகை நின்றுவிட்டது. பிழையைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். நான்தான் இப்போது அழும் நிலைக்கு வந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. திரும்பவும் சூட்கேசோடு ஏறின மனிதனாகப் போகிறேனே என்ற பயம். கையில் கிடைத்த ஒரே வீடு, அதுவும் ஏழெட்டில் போகப் போகிறதே என்ற பயம்.

ஆனி மாதம் ஒரு நாள் றோட்டை மூடிவிட்டார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. வராத பஸ்களின் நேரத்தை எல்லாம் எழுதி முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வீட்டுத்திட்டத்து முகப்பில் தண்ணீர் பவுசர் நின்றது. அதைச் சுற்றிப் பெண்கள். நடுவில், கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் ஏறி நின்று, என் மகள்.

“பவுசரில ஆறாயிரம் லீற்றர். நாப்பது வீடு. ஒரு வீட்டுக்கு நூற்றைம்பது. ஆச்சிப்பிள்ளை மாமி, உங்கட கான் இருபத்தஞ்சு லீற்றர். ஆறு கான்தான் எடுக்கலாம். நீங்க எட்டு எடுத்திட்டீங்க.”

“ஆரு எண்ணினது?”

“நான். அம்பது லீற்றர் கூட. ரெண்டு கானத் திருப்பி ஊத்துங்க.”

ஆச்சிப்பிள்ளை மாமி ஊற்றினாள்! அந்த வீட்டுத்திட்டத்தில் யாரும் திருப்பி ஊற்ற வைக்க முடியாத ஆச்சிப்பிள்ளை மாமி!

நான் பவுசருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அத்தனை நாளும் ஏழெட்டுக்கு ஒரு நாளாவது தற்செயலாகச் சரியான விடை வந்ததா? இல்லை. தற்செயலாகக்கூடச் சரி வராமல் பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

பின்னேரம் பாடம் வாவிக்கரையில் என்று சொல்லி அவளைக் கூட்டிப் போனேன்.

“ஏழெட்டு?”

“அம்பத்தெட்டு.”

“ஆறாயிரத்த நாப்பதால பிரிச்சா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். “அம்மாதான் சொன்னா” என்றாள்.

எல்லாம் வெளியே வந்தது. காலையில் நான் டிப்போவுக்குப் போன பிறகு சீதேவி வகுப்பு நடத்துகிறாள். பிட்டுக்குழலிலிருந்து பிட்டைத் தள்ளி, நீளத்துக்குக் கிடத்தி, பாதி, கால், அரைக்கால் என்று வெட்டிப் பின்னம். பிழையாக வெட்டினால் அதைச் சாப்பிட வேண்டும். சரியாக வெட்டினாலும் சாப்பிடலாம். இந்த முறையில் படித்தால் யாருக்குத்தான் கணக்கு வராது? மறுநாள் பயிற்சிக்கு மாவும் தேங்காய்ப்பூவும் மிச்சம் பிடிப்பதற்காகத்தான் எனக்குக் காலையில் பிட்டு அரைக்கால் பங்காக வந்துகொண்டிருந்தது. நானோ அதைச் சண்டையால் வந்த மாத் தட்டுப்பாடு என்று நினைத்துப் பொறுமையாக இருந்தேன்.

“மறுகா ஏன் எனக்குப் பிழையாச் சொல்லுற?”

“அப்பத்தான் வீடு வருமாம். ஆனா கரைச்சல் அப்பா. முதல்ல சரியாச் செய்து பாக்கோணும். மறுகா அதில ஒண்டோ ரெண்டோ கூட்டோணும், இல்லாட்டிக் குறைக்கோணும். நீங்க கத்தேக்க சிரிக்கவும் ஏலா.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. பிள்ளைக்குக் கணக்குத் தெரியும்! அப்படியென்றால் பந்தயம் என் கையில். சீதேவி தோண்டிய குழியில் சீதேவியையே இறக்கலாம். வேண்டியதெல்லாம் பிள்ளை என் பக்கம் வருவதுதான்.

“மனே, மாமா கேக்கிற அண்டைக்கு எல்லாத்தையும் சரியாச் சொல்லு. அம்மா என்ன தாறன் எண்டு சொன்னா உனக்கு?”

“ஒண்டும் சொல்லல்ல.”

“பாத்தியா? நான் தாறன். நீ என்ன கேட்டாலும் தாறன்.”

“என்ன கேட்டாலுமா?”

“என்ன கேட்டாலும்.”

“சத்தியமா?”

“சித்தாண்டி முருகன் மேல சத்தியம்.”

சித்தாண்டியில் பிறந்தவன் வேறு யார் மேல் சத்தியம் செய்தாலும் மறந்துவிடுவான். முருகன் மேல் செய்தால் மறக்க முடியாது. வருசா வருசம் தேர் இழுக்கப் போய் அவர் முகத்தில் முழிக்க வேண்டுமே! ஆனால் பத்து வயதுப் பிள்ளை என்ன கேட்கப் போகிறாள்? ஐஸ்கிறீம் கேட்பாள். பூனைக்குட்டி கேட்பாள். மிஞ்சிப்போனால் கணக்குப் பாடத்தை நிறுத்தச் சொல்வாள். அது எனக்கும் வேண்டியதுதான்.

“அம்மாக்குச் சொல்லாத.”

“சொல்ல மாட்டன்” என்று தலையாட்டினாள். அதன்பிறகு பின்னேர வகுப்பில் நான் கத்துவதுபோல் நடித்தேன். அவள் பிழை விடுவதுபோல் நடித்தாள். குசினிக்குள் சீதேவி ஏமாந்துபோய் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த பிறகு நான் இவ்வளவு சந்தோசமாக இருந்த காலம் வேறு இல்லை.

ஆவணி பிறந்தது. படுவான்கரைச் சனம் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தது. மச்சானும் தன் வட்டையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதனால் அதிகாரம் கொஞ்சம் திரும்பியிருந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆச்சிப்பிள்ளை மாமியும் வேலியோரம் வந்து நின்றாள். கூப்பிடாத சாட்சி.

“மருமகள், ஏக்கருக்கு ரெண்டரை புசல் விதநெல்லு. நாலு ஏக்கருக்கு?”

நான் மூச்சைப் பிடித்தேன்.

“பத்து புசல் மாமா.”

மச்சான் நிமிர்ந்தார். சீதேவி பக்கம் பார்த்தேன். முகம் அப்படியே சுருங்கிவிட்டது. எனக்கு அப்போதே பிறவிப் பயன் கிடைத்துவிட்டது.

“ஏழெட்டு?”

“அம்பத்தாறு.”

இறங்கிவிட்டாள்! நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

“கல்முனைக்கு நாப்பது கிலோமீற்றர். மணிக்கு நாப்பதில ஓடினா?”

“ஒரு மணித்தியாலம். செக்பொயின்ற் இல்லாட்டி.”

மச்சானிடம் கணக்கு முடிந்துவிட்டது. சீதேவி முன்னுக்கு வந்தாள். “நான் ஒண்டு கேக்கிறன். ஒரு குழல் பிட்டு. அதில பாதி மாமாக்கு. மிச்சத்தில பாதி அப்பாக்கு. அதுக்கும் மிச்சத்த நானும் நீயும் சமனா எடுத்தா, உனக்கு எவ்வளவு?”

“எட்டில ஒண்டு.”

“சரி” என்றாள் சீதேவி, தோற்றுப்போன குரலில். மச்சான் எழும்பி வந்து என் தோளில் கை போட்டார். “மச்சான், நானும் உன்ன என்னமோ எண்டு நினைச்சன். நீ படிப்பிச்சிருக்காய். ஆம்பிள!” ஆச்சிப்பிள்ளை மாமிகூட வேலியோரம் தலையாட்டினாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு, வீடு, கணக்கு, ஆண்மை மூன்றையும் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். நீளமான சொற்பொழிவு என்று சொன்னாலும் பிழையில்லை.

அது முடியும்வரை ஆர்த்திகா காத்திருந்தாள். நல்ல வளர்ப்பு.

“அப்பா, இப்ப நான் கேக்கட்டா?”

“கேள் என்ட கிளி! மச்சான், நான் புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கன். சரியாச் சொன்னா என்ன கேட்டாலும் தாறன் எண்டு. முருகன் மேல சத்தியம். மாமாக்கு முன்னுக்குக் கேள் மனே!”

“வீடு” என்றாள்.

“எந்த வீடு?”

“இந்த வீடு.”

வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஆச்சிப்பிள்ளை மாமி வேலிக்கு இன்னும் கிட்டே வந்தாள். மச்சான் என் தோளிலிருந்த கையை எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கை இப்போது வேறு விதமாகக் கனத்தது. சீதேவி என்னைப் பார்க்கவே இல்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐஸ்கிறீம் வேணாமா?” என்றேன்.

“வீடு போதும் அப்பா.”

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய? சத்தியம் சித்தாண்டி முருகன் மேல். சாட்சி வட்டைவிதானை. கொடியேற்றம் வருகிற கிழமை. “அதுக்கென்ன, ஆருக்காகச் சேத்தது? என்ட புள்ளைக்குத்தானே!” என்று பெரிதாகச் சொன்னேன். மச்சான் என்னைக் கட்டிப் பிடித்தார். போகிற வழியெல்லாம், தங்கச்சி புருசன் பந்தயத்தில் வென்ற வீட்டைத் தன் மனத்தாலேயே மகளுக்குக் கொடுத்துவிட்டான், இப்படி ஒரு மனிசன் எங்கள் குடியில் இல்லை என்று சொல்லிக்கொண்டு போனாராம். அடுத்த கிழமையே நொத்தாரிசிடம் போய்ப் பத்திரம் எழுதினோம். என் வீட்டில் நான் மொத்தமாக அடித்தது பதினொரு ஆணி.

எழுதிவிட்டு வந்த அன்று பின்னேரம் ஆர்த்திகாவைத் தனியே கூப்பிட்டேன். எனக்கு ஒரு கணக்கு மட்டும் விளங்கவில்லை.

“மனே, நீ பிழையாச் சொல்லியிருந்தாலும் பந்தயப்படி வீடு உனக்குத்தானே வந்திருக்கும்?”

“ஓம் அப்பா. ரெண்டு வழியில செய்தாலும் விடை ஒண்டுதான்.”

“மறுகா என்னத்துக்குச் சரியாச் சொல்லி, சத்தியத்தால வீடு கேட்டாய்?”

“பிழையாச் சொன்னா மாமா உங்களப் பகிடி பண்ணுவார். சனம் சிரிக்கும். நீங்க பாவம்தானே அப்பா.”

என் நெஞ்சு உருகிவிட்டது. வீடு போனால் போகட்டும். சீதேவி என்ன திட்டம் போட்டாலும் பிள்ளையின் மனம் தகப்பன் பக்கம்தான். அவளை அணைத்துத் தலையைத் தடவினேன். “என்ட கிளி! இந்த வீட்டில அப்பாட மானத்த நினைச்சுப் பாத்த ஒரே ஆள் நீதான்.”

“நானா நினைக்கல்ல அப்பா” என்றாள் ஆர்த்திகா. “‘வீட்டத்தான் எடுக்கப் போறம், மானத்தையாவது மனிசனிட்ட விட்டிருவம்’ எண்டு அம்மாதான் சொல்லித் தந்தா.”